நடுங்கும் புத்தகம்

அச்சடித்த காகிதம் வாய் திறந்து பேசிய அதிசயம் நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. 2010-ஆம் வருஷம் செப்டம்பர் 21-ஆம் தேதி காலையில் ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’, ‘ஹிந்து’ ஆகிய ஆங்கிலத் தினசரிகளைப் பிரித்தவர்கள் திடுக்கிட்டுப் போனார்கள். கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த சிறு பெட்டி ஒன்று, வெளிச்சம் பட்டவுடனே ஃபோக்ஸ்வாகன் கம்பெனியின் புதிய காரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டது. பக்கத்தை மூடினால் மௌனம். திறந்தால் மறுபடியும் கார். வெளிச்சத்தை உணர ஒரு கண், பேசுவதற்கு ஒரு சில்லு, இரண்டுக்கும் தீனி போட ஒரு சிறு பாட்டரி. அவ்வளவுதான் விஷயம். பயந்துபோய் அதைக் குப்பைத் தொட்டியில் எறிந்தால் அங்கேயும் பேசிற்று. வெடிகுண்டோ என்று போலீஸுக்குச் சொன்னவர்கள்கூட மும்பையில் இருந்தார்கள்.

எங்கள் நரிக்குடிக்கு அந்தப் பிரதி வந்து சேரவில்லை. நகரத்தில் இருந்த உறவினர் ஒருவர் அந்தப் பக்கத்தை மட்டும் பத்திரமாக மடித்து வைத்திருந்தார். ஒரு தடவை அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது திறந்து காட்டினார். பாட்டரி ஓய்ந்துபோய், குரல் பாழுங் கிணற்றிலிருந்து வருவது போல வந்தது. அவருடைய பேத்தி அதைத் திறப்பதும் மூடுவதுமாக மத்தியானம் பூராவும் விளையாடினாள். அந்தப் பக்கத்தில் என்ன அச்சாகியிருக்கிறது என்று நாங்கள் யாருமே படிக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, 2012 செப்டம்பரில், அதே கம்பெனி பேச்சை விட்டுவிட்டு நடுக்கத்தைப் பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை பத்திரிகையைக் கையில் எடுத்தால் காகிதம் நடுங்கும். கார் ஓட்டுகிற புளகாங்கிதம் விரல் நுனியிலேயே வாசகருக்குக் கிடைத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

விளம்பரக்காரர்கள் எதையும் செய்வார்கள், அதைப் பற்றி இங்கே என்ன பேச்சு என்று வாசகர்கள் கேட்கலாம். விஷயம் விளம்பரத்தோடு நிற்கவில்லை. கதைப் புத்தகத்துக்கே வந்துவிட்டது. கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் அதைப் பற்றி எனக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு.

2014-ஆம் வருஷம் அமெரிக்காவில், மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஊடக ஆராய்ச்சிக்கூடத்தில், ஃபீலிக்ஸ் ஹைபெக், அலெக்ஸிஸ் ஹோப், ஜூலி லெகோ என்ற மூவர் சேர்ந்து ஒரு புத்தகம் செய்தார்கள். ‘உணர்வுப் புனைகதை’ என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். அட்டையில் 150 சிறு விளக்குகள். கூடவே, வாசகர் மாட்டிக்கொள்ள ஒரு கையில்லாத சட்டை. எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பதைப் புத்தகம் உணர்ந்து சட்டைக்குச் சொல்லும். கதாபாத்திரத்துக்குக் கிலி பிடித்தால் சட்டை அதிர்ந்து வாசகரின் நெஞ்சைப் படபடக்க வைக்கும். மனம் புழுங்கினால் காற்றுப் பைகள் ஊதி உடம்பை இறுக்கும். தோலைச் சூடாக்க ஒரு கருவி. கதையின் இடமும் வேளையும் மாறும்போது அட்டை விளக்குகளின் நிறமும் மாறும்.

இது கடைக்கு வந்த சரக்கல்ல. விவாதம் நடக்கட்டும் என்று செய்து காட்டிய மாதிரி. நான் அந்தச் சட்டையை மாட்டிப் பார்த்தவனும் அல்ல. செய்தவர்கள் வெளியிட்ட விவரங்களையும் படங்களையும் வைத்துத்தான் பேசுகிறேன். ஆனால் மாதிரி என்றாலும் அதற்குள் ஒரு கருத்து இருக்கிறது. கதையிலுள்ள உணர்ச்சியை உடம்புக்கு நேராகவே கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம், நடுவே வாசகர் சிரமப்பட வேண்டியதில்லை என்ற கருத்து. அதைத்தான் நான் மறுக்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு சில்லறை விஷயம். சித்திரை மாதத்து மத்தியானத்தில் நரிக்குடி ரயில் நிலையத்தில் மானாமதுரை வண்டிக்குக் காத்திருக்கிறவருக்கு இந்தச் சட்டையை மாட்டி, கையில் நாவலையும் கொடுத்து உட்கார வையுங்கள். கதாநாயகனுக்கு வந்த ஜுரம் எது, கருவேலங்காட்டிலிருந்து வருகிற அனல் எது என்று அவருக்கு எப்படித் தெரியும்? வேடிக்கைக்காகச் சொல்வதாக எண்ண வேண்டாம். வாசகருடைய உடம்பு ஒன்றும் எழுதாத பலகை அல்ல. அது ஏற்கனவே ஏதோ ஒரு வெயிலில், ஏதோ ஒரு பசியில், ஏதோ ஒரு கவலையில் உட்கார்ந்திருக்கிறது. அந்த வெயிலையும் பசியையும் மறக்கச் செய்துவிட்டு வேறொரு ஊருக்குக் கூட்டிக்கொண்டு போவதுதான் எழுத்தின் காரியம். சட்டையோ தோலை மறக்கவே விடாது.

பரிசோதனைக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட கதையும் சாமானியமான கதை அல்ல. ஜேம்ஸ் டிப்ட்ரீ என்ற ஆண் பெயரில் ஆலிஸ் ஷெல்டன் என்ற பெண்மணி எழுதி 1973-இல் வெளிவந்த குறுநாவல். மறு வருஷம் ஹ்யூகோ பரிசு பெற்றது. எதிர்காலத்தில் விளம்பரத்தையே சட்டம் தடை செய்துவிடுகிறது. கம்பெனிகள் சும்மா இருக்குமா? அழகான பெண்ணுடல் ஒன்றைத் தயாரித்து ஊர் உலகமெல்லாம் உலவ விடுகின்றன. அவள் உடுத்துவதையும் பூசுவதையும் பார்த்து ஜனங்கள் வாங்குவார்கள் அல்லவா? அந்த உடலுக்குச் சொந்த மனம் கிடையாது. முகம் விகாரமாக இருந்ததால் உயிரையே விடத் துணிந்த வேறொரு பெண், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கருவிகளோடு பிணைக்கப்பட்டுக் கிடந்து, தூரத்திலிருந்தே அந்த அழகியை நடக்கவும் சிரிக்கவும் வைக்கிறாள். ஒருவருடைய நரம்பை இன்னொருவர் லாபத்துக்காக இயக்கினால் மனித ஜீவனுக்கு என்ன கதி நேரும் என்று கேட்கிற கதை. அதைப் படிக்கிறவருக்கே ஒரு சட்டையை மாட்டி அவர் நரம்பை வெளியிலிருந்து இயக்கினார்கள்! தெரிந்தே இந்தக் கதையை எடுத்திருந்தால் அவர்களுடைய ரஸனைக்கு என் வந்தனம். கார் கம்பெனிக்காரர்களுக்கு அந்தத் தொந்தரவு கிடையாது. அவர்கள் கதை எதுவும் இல்லாமலே நரம்புக்கு வந்துவிட்டார்கள்.

இனி நம் கதை ஒன்றை எடுத்துக்கொள்வோம். புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’. சென்னையில் ஜவுளிக்கடைச் சிப்பந்தியாகக் காலம் தள்ளும் பிரமநாயகம் பிள்ளையின் மனைவி, தீராத வியாதிக்காரி, இறந்துபோகிறாள். கதை அந்தச் சாவிலேயே ஆரம்பமாகிறது. அவர் வெந்நீர் போட்டு அவளைக் குளிப்பாட்டுகிறார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். வறுமையும் வியாதியும் ஊருக்குப் போகும் ஆசையும் கலந்த வருஷங்கள் பின்னோக்கி விரிகின்றன. அவர் மனசில் துக்கம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. பாரம் இறங்கிய நிம்மதியும் இருக்கிறது. வாஞ்சை இருக்கிறது, களைப்பு இருக்கிறது. ஒன்றுக்கும் பெயர் வைக்காமலே ஆசிரியர் எழுதிக்கொண்டு போகிறார். இந்த இடத்தில் சட்டை என்ன செய்யும்? இறுக்குமா, தளர்த்துமா? சூடேற்றுமா, சும்மா இருக்குமா? ஏதாவது ஒன்றைத் தீர்மானித்தால்தான் யந்திரம் ஓடும். தீர்மானித்த கணத்திலேயே பிரமநாயகம் பிள்ளை சினிமாவில் வருகிற புருஷனாகிவிடுவார்.

இன்னொரு சிக்கல். புத்தகத்துக்குப் பக்கம்தான் தெரியும். அடி தெரியாது, சொல் தெரியாது. தெரிந்தாலும் பிரயோஜனம் இல்லை. ‘செல்லம்மாள்’ என்னை வருத்தியது படித்தபோதல்ல. மறு நாள் வீட்டில் யாரோ வெந்நீர் அண்டாவை இறக்கிவைத்த சத்தத்தில்தான் என்னவோ செய்தது. எந்தப் பக்கத்தில் பொறி வைத்து இதைப் பிடிப்பார்கள்?

உணர்ச்சிக்கும் உடம்புக்கும் உள்ள உறவைப் பற்றி நம்மவர்கள் யோசிக்காமல் இல்லை. தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று தனி இயலே இருக்கிறது. மெய்ப்பாடு எட்டு, ஒவ்வொன்றும் பிறக்க நான்கு நான்கு காரணங்கள். அழுகைக்குச் சொன்ன நான்கில் இழவும் ஒன்று, வறுமையும் ஒன்று. பிரமநாயகம் பிள்ளைக்கு இரண்டுமே வாய்த்திருந்தன. காரணம் மனசைத் தொட்டு, மனசு மெய்யில் தோன்றுவது அந்தப் பழைய வரிசை. சட்டைக்காரர்கள் வரிசையைத் திருப்பிப் போடுகிறார்கள்.

அதற்கும் ஆதரவு உண்டு. 1884-லேயே வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர், துக்கப்படுவதால் நாம் அழவில்லை, அழுவதால்தான் துக்கப்படுகிறோம் என்று வாதம் செய்தார். இலேசாகத் தள்ளிவிடக்கூடிய வாதம் அல்ல. இருந்தாலும், கண்மாய்க் கரையில் வேகமாக ஏறினாலும் நெஞ்சு படபடக்கத்தான் செய்கிறது. ஏறியவர் அதைத் திகில் கதை என்று எண்ணிக்கொள்வதில்லை. படபடப்புக்கு அர்த்தம் கொடுக்க ஒரு மனசு வேண்டியிருக்கிறது. அந்த மனசுக்கு வேலை வைக்காத புத்தகம் எனக்குப் புத்தகமாகப் படவில்லை.

அந்த மனசு செய்கிற வேலை எப்படிப்பட்டது என்று எனக்குக் காட்டியவர் ஒரு விமர்சகர் அல்ல. எங்கள் பக்கத்தில் வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி. அறுபதைத் தாண்டியவர். கிளை நூலகத்துப் புத்தகங்களை மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்துவிடுவார். அவர் திருப்பிக் கொடுக்கிற புத்தகத்தை அடுத்து எடுக்கிறவருக்குத் தும்மல் நிச்சயம். (இதுவும் ஒரு வகையில் உணர்வுப் புனைகதைதான்.) தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ளைப் படித்து முடித்திருந்தார். கும்பகோணமும் காவேரியும் எப்படி இருந்தன என்று கேட்டேன்.

“காவேரியை நான் எங்கே தம்பி கண்டேன்? படிக்கப் படிக்க, நம்ம கண்மாய் நிறைஞ்சு மறுகால் பாஞ்சுச்சே ஒரு வருஷம், அதுதான் கண்ணுக்குள்ள வந்துக்கிட்டே இருந்துச்சு” என்றார்.

“அது வேறே தண்ணி ஆச்சே, அண்ணாச்சி?”

“தண்ணியில என்ன தம்பி வேறே? இல்லாதவனுக்குத்தான் அது இன்னும் ஜாஸ்தியாத் தெரியும்.”

வருஷத்தில் பாதி நாள் வெடித்துக் கிடக்கிற கண்மாயை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் காவேரியை உண்டாக்கிக்கொண்டார். எழுதியவர் கொடுத்தது பாதி. மீதியை நரிக்குடிக்காரர் தம் கையிலிருந்து போட்டார். கும்பகோணத்துக்காரர் போடுவது வேறாக இருக்கும். கொழும்பில் படிக்கிறவர் போடுவது இன்னும் வேறு. இந்த மூவருக்கும் ஒரே ஈரத்தை, ஒரே அளவில், 112-ஆம் பக்கத்தில் தெளிக்கிற சட்டையை மாட்டினால் அண்ணாச்சியின் கண்மாய் எங்கே போகும்?

மழை பொய்த்த வருஷங்களில் ஊர் கூடி விராட பர்வம் வாசிக்கச் சொல்வது நம் பக்கத்துப் பழைய வழக்கம். வாசித்தால் மழை வரும் என்று நம்பிக்கை. ஆராய்ச்சிக்கூடத்தாரைவிட நம் பாட்டன்மார் பேராசைக்காரர்கள். வாசகனின் தோலை அவர்கள் சட்டை செய்யவில்லை. வானத்தையே நடுங்க வைக்கப் பார்த்தார்கள்.

இவ்வளவு சொல்வதால் காகிதத்தோடு யந்திரமே சேரக் கூடாது என்கிற கட்சி நான் என்று வாசகர்கள் முடிவு கட்ட வேண்டாம். தமிழ்நாட்டுப் பாடப் புத்தகங்கள் 2018-இல் புதிதாக வந்தன. முதலில் 1, 6, 9, 11-ஆம் வகுப்புகளுக்கு, மறு வருஷம் மற்ற வகுப்புகளுக்கு. பாடங்களின் ஓரத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோலம் போட்ட மாதிரி க்யூஆர் கட்டங்கள். 1994-இல் ஜப்பானில் டென்ஸோ கம்பெனியைச் சேர்ந்தவர்கள் மோட்டார் உதிரிப் பாகங்களுக்குக் கணக்கு வைத்துக்கொள்ளக் கண்டுபிடித்த கட்டம் அது. (இதிலும் மோட்டார் கார்தான்!) கட்டத்துக்குள் மின்சாரம் இல்லை. உணர்கிற கண் செல்போனில் இருக்கிறது. செல்போனைக் காட்டினால் பாட்டாகவோ படமாகவோ பாடம் விரியும். செய்யுளை ராகத்தோடு கேட்கலாம், இருதயம் சுருங்கி விரிவதைப் பார்க்கலாம். இவை அச்சுக்கு முடியாத காரியங்கள். வாசகர் செய்ய வேண்டிய வேலையை அந்தக் கட்டம் பிடுங்கிக்கொள்ளவில்லை. புத்தகங்களும் பழைய பாடப் புத்தகங்களைவிட எவ்வளவோ அழகாக வந்திருக்கின்றன.

ஆனால் எங்கள் தெருவில் ஆறாம் வகுப்புப் படித்த ஒரு பெண் இருந்தாள். தகப்பனார் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர். வீட்டில் ஒரே செல்போன். அது அவரோடு மூட்டத்துக்குப் போய்விடும். “அப்பா வந்தாத்தான் பாட்டு வரும், மாமா” என்று அந்தக் கட்டத்தைத் தொட்டுக் காட்டுவாள். அப்பா வரும்போது அவளுக்குத் தூக்கம் வந்துவிடும். அதே 2018-இல்தான் எங்கள் விருதுநகர் மாவட்டத்தை ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ என்கிற மத்திய அரசாங்கப் பட்டியலில் சேர்த்தார்கள். கட்டத்தைத் தவிர்த்துவிட்டும் அந்தப் பாடம் முழுசாக நின்றது. அதனால் அவள் பிழைத்தாள். பாதிப் பாடத்தைப் புத்தகத்திலும் மீதிப் பாதியைக் கட்டத்துக்குப் பின்னாலும் வைத்திருந்தால் அவள் கதி என்ன? இலவசமாகக் கொடுத்த புத்தகத்தின் பாதி, கடையில் விற்கிற கருவிக்குள் இருந்திருக்கும். இனிமேல் இப்படிப் புத்தகம் செய்கிறவர்கள், கரிமூட்டக்காரர் வீட்டில் பகல் மூன்று மணிக்கு அதைத் திறந்து பார்க்க வேண்டும்.

யந்திரம் அடக்கமாக இருக்கும் இடத்தில் எனக்கு அதனிடம் மரியாதையே உண்டு. 1998-இல் சிங்கப்பூரில் புக்கிட் பாத்தோக் நூலகத்தில் ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் ஒரு மெல்லிய வில்லையை ஒட்டினார்கள். உலகத்தில் இதை முதலில் செய்த பொது நூலகங்களில் அது ஒன்று. வில்லையில் உலோகச் சுருளும் கடுகளவு சில்லும் இருக்கும், பாட்டரி கிடையாது. எதிரே உள்ள கருவி அனுப்புகிற வானொலி அலைதான் அதற்கு ஆகாரம். அலை பட்டவுடன் தான் இன்ன புத்தகம் என்று சொல்லிவிட்டு மறுபடியும் தூங்கிவிடும். எந்த இடத்தில் வாசகர் கொட்டாவி விட்டார் என்று அது யாரிடமும் கோள் சொல்வதில்லை.

கோள் சொல்கிற ஏற்பாடும் வந்துவிட்டது. அமேஸான் கம்பெனி 2015 ஜூலை முதல், சந்தா கட்டி மின்னூல் படிக்கும் திட்டத்தில், சொந்தமாக நூல் வெளியிடும் ஆசிரியர்களுக்கு வாசகர் படித்த பக்கங்களை எண்ணிப் பணம் கொடுக்க ஆரம்பித்தது. மின்னூலில் நடப்பது, பக்கத்தை உணரத் தெரிந்த காகிதத்தில் நடக்க எவ்வளவு நாள் ஆகும்? 38-ஆம் பக்கத்தில் நூறு பேர் நின்றுவிட்டார்கள் என்று எனக்குத் தெரிந்தால் அடுத்த நாவலில் அந்த மாதிரிப் பக்கத்தை நான் எழுதவே மாட்டேன். எனக்கும் குடும்பம் இருக்கிறது. ‘மோகமுள்’ளிலேயே கதை நகராமல் சங்கீதமும் ஆற்றங்கரையுமாகப் போகிற பக்கங்கள் எத்தனை! கணக்குப்பிள்ளை ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணியிருந்தால் அண்ணாச்சிக்கு அவ்வளவு தண்ணீர் கிடைத்திருக்காது.

வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்காரர்களுக்கு இந்த நெருக்கடி புதிதா என்று கேட்கலாம். வாசகர் கடிதமும் விற்பனை எண்ணிக்கையும் அவர்களை ஆட்டி வைத்ததில்லையா என்றால், வைத்ததுதான். கதாநாயகியைச் சாகவிடாதே என்று மிரட்டிக் கடிதம் எழுதுவார்கள். ஆனால் அது வாசகர் தாமாக விரும்பி, தபால் தலை ஒட்டி, கையெழுத்துப் போட்டுச் சொன்ன அபிப்பிராயம். அவர் விரல் எங்கே தயங்கிற்று என்று அவருக்கே தெரியாமல் எடுத்த கணக்கை அதோடு சேர்க்க எனக்குச் சம்மதமில்லை.

பேசும் காகிதத்தால் தமிழுக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லிவிடுகிறேன். நா. வானமாமலை தொகுத்த ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ 1964-இல் வெளிவந்தது. அவருக்கு முன்னும் பின்னும் பலர் தொகுத்திருக்கிறார்கள். தாலாட்டு, ஒப்பாரி, களையெடுப்புப் பாட்டு எல்லாம் அவற்றில் இருக்கின்றன. மெட்டு மட்டும் இல்லை. அச்சில் அது வராது. ஒப்பாரியைக் கேட்டறியாத இக்காலத்து வாசகர் அந்தப் பக்கத்தில் காண்பது, ஒரே விதமாக முடிகிற சில வரிகளைத்தான். தம் கண்மாயிலிருந்து எடுத்துப் போடவும் அவரிடம் கையிருப்பு இல்லை. கேட்காத மெட்டை யாரால் உண்டாக்கிக்கொள்ள முடியும்? அங்கே பக்கத்தைத் திறந்தவுடன் ஒரு கிழவியின் குரல் வரட்டும். மூடினால் அடங்கட்டும். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆசைதான்.

நரிக்குடிப் பக்கத்தில் மிளகாய்க்குக் களையெடுக்கும்போது பாடத் தெரிந்த பெண்கள் இன்னும் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். எல்லாரும் எழுபதுக்கு மேல். அந்த விளம்பரத்தில் ஒட்டியிருந்த மாதிரி ஒரு பெட்டியை இருநூறு பக்கப் புத்தகத்தில் வைக்க என்ன செலவாகும் என்று பதிப்பாளர் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். கணக்குப் போட்டுப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.